டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றியும் ஆயில் கசிவு நிற்கவில்லை – பிரீதர் பைப்பைக் கழற்றிவிடலாமா?

#1 – சென்னிமலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி பத்து வருஷத்துக்கு மேல் ஆன 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முதலில் டேப்பெட் கவர் (என்ஜின் தலைமேல் உள்ள மூடி) ஓரத்தில் ஆயில் ஈரம் தெரிந்தது, பேக்கிங் மாற்றினார்கள். கொஞ்ச நாள் காய்ந்து கிடந்தது, மறுபடி ஈரம். அனபாண்ட் பசை தடவி இறுக்கிப் பார்த்தார்கள். இப்போது என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து சொட்டுகிறது. ஏர் ஃபில்டரைத் திறந்தால் அதன் ஒரு மூலை ஆயிலில் ஊறியிருக்கிறது.

பட்டறையில் இரண்டு யோசனை சொல்கிறார்கள். ஒன்று, கியர்பாக்ஸை இறக்கி பின்பக்க ஆயில் சீல் மாற்றுவது. கூலியே கனமாக வரும். இன்னொன்று, "ரிங் போயிருக்கும் சார், பேக் கம்ப்ரஷன் அடிக்குது. பிரீதர் பைப்பைக் கழற்றிக் கீழ விட்டுடலாம், ஃபில்டர் நனையாது." டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும் பைப்பைத்தான் பிரீதர் என்கிறார்கள். இதற்குக் காசே வேண்டாமாம்.

சைலன்சரில் நீலப்புகை இல்லை. சர்வீஸுக்கு சர்வீஸ் ஆயில் அரை லிட்டருக்குள்தான் குறைகிறது. சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஐடிலிங் லேசாக ஏறி இறங்குகிறது. எதை முதலில் செய்வது?

#2 – நைட்_டூட்டி

பைப்பைக் கீழே விடுங்க பாஸ். எங்க ஸ்டாண்டில் பாதி வண்டி அப்படித்தான் ஓடுது. முனையில ஒரு வாட்டர் பாட்டில் கட்டிட்டா தரையும் அழுக்காகாது.

#3 – பட்டறைக்காரர், மதுரை

சென்னிமலை சார், கியர்பாக்ஸை இப்போது இறக்க வேண்டாம். பைப்பையும் கழற்ற வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன: கிராங்க்கேஸுக்குள், அதாவது பிஸ்டனுக்குக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள், காற்றழுத்தம் ஏறுகிறது. அது ஏன் ஏறுகிறது என்று பார்க்காமல் சீல் மாற்றினால், புது சீலும் சீக்கிரமே ஈரமாகும்.

கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல என்ஜினாக இருந்தாலும் பிஸ்டன் ரிங் நூற்றுக்கு நூறு அடைக்காது. வெடிப்பு நடக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். நம் ஆட்கள் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். புத்தம் புது வண்டியிலும் இது உண்டு, பழைய வண்டியில் அதிகம். கீழே இறங்கும் வாயுவில் எரியாத பெட்ரோல் ஆவி, கரி, நீராவி, அமிலமாக மாறக்கூடிய சமாச்சாரங்கள் எல்லாம் இருக்கும். வெளியே போக வழி இல்லை என்றால் இரண்டு கெடுதல். ஆயிலோடு கலந்து அதைத் தாராக்கும். அழுத்தம் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே ஆயிலைத் தள்ளும். ஆயில் சீலின் உதடு தெறிக்கும் ஆயிலைத் தடுப்பதற்குச் செய்தது, உள்ளிருந்து வரும் காற்றழுத்தத்தைத் தாங்குவதற்கு அல்ல.

அந்தக் காலத்து வண்டிகளில் இதற்கு ஒரு குழாய் இருக்கும். என்ஜினிலிருந்து கீழே இறங்கித் தரையைப் பார்த்துத் தொங்கும். வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று குழாய் முனையில் உறிஞ்சும், வாயு வெளியேறும். வண்டி நின்றால் உறிஞ்சலும் நின்றுவிடும். ஆற்றில் இறங்க வேண்டிய ராணுவ டாங்கிகளுக்கு இந்தக் குழாய் ஒத்துவரவில்லை, தண்ணீர் உள்ளே ஏறிவிடும். அதனால் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே மூடிய அமைப்பு வந்துவிட்டது. கார்களுக்கு அது வந்தது லாஸ் ஏஞ்சலஸ் புகைமூட்டத்தால். ஊரை மூடிய அந்தப் புகைக்கும் வாகனங்கள் கக்கும் ஹைட்ரோகார்பனுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மித் 1950 வாக்கில் காட்டினார். கார் விடும் ஹைட்ரோகார்பனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்தத் தொங்கு குழாய் வழியாகத்தான் வருகிறது என்பதும் தெரிந்தது. 1960-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் புதுக் கார்களுக்கு பிசிவி என்கிற இந்த மூடிய அமைப்பு வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் காடலிடிக் கன்வெர்ட்டருக்கெல்லாம் பல வருஷம் மூத்தது இது.

இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம். அதில் இரண்டு பைப் இருக்கும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறு நடக்கிறது.

ஒன்று கிராங்க்கேஸிலிருந்தோ டேப்பெட் கவரிலிருந்தோ இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் குழாய்) போகும். வழியில் பிசிவி வால்வு இருக்கும். வாயு வெளியேறும் வழி இது. மேனிஃபோல்டின் வாக்யூம் அதை இழுத்து, பெட்ரோல் காற்றோடு சேர்த்து மறுபடி எரிக்கும்.

இன்னொன்று டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பெட்டிக்கோ, த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) முன்னால் உள்ள பெரிய ரப்பர் குழாய்க்கோ போகும். எல்லோரும் பிரீதர் என்று சொல்வது இதை. ஆனால் சாதாரணமாக ஓட்டும்போது இது வெளியே விடும் பைப் அல்ல, உள்ளே இழுக்கும் பைப். ஃபில்டர் வழியாக வந்த சுத்தமான காற்று இதன் வழியே என்ஜினுக்குள் போய், அழுக்கு வாயுவை அடித்துக்கொண்டு வால்வு வழியாக வெளியேறும். ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தால் மட்டும் மேனிஃபோல்டில் வாக்யூம் போய்விடும், பேக் கம்ப்ரஷனும் கூடும். அப்போது மிச்ச வாயு இந்தப் பைப்பில் திரும்பி ஓடி ஃபில்டர் பக்கம் போகும்.

இனி நைட்_டூட்டி தம்பி சொன்னதற்கு வருகிறேன். அந்தப் பைப்பைக் கழற்றிக் கீழே விட்டால் என்ன ஆகும்? மறு முனையில் வால்வு இழுத்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே தொங்குகிற பைப் ரோட்டுப் புழுதியை ஃபில்டர் இல்லாமல் நேராக கிராங்க்கேஸுக்குள் உறிஞ்சும். அந்த மண் ஆயிலில் கலந்து பேரிங்குக்கும் ரிங்குக்கும் போகும். பைப்பைக் கழற்றிய இடத்தில் ஒரு ஓட்டை மிஞ்சுமே, அது ஃபில்டருக்குப் பின்னால் இருந்தால் சிலிண்டருக்கும் புழுதிதான். பாட்டில் கட்டினாலும் இதே கதை. ரிங் போகாத வண்டிக்குக் கொஞ்ச காலத்தில் ரிங் போய்விடும். அப்போது "நான் அப்பவே சொன்னேனே" என்பார்கள்.

உங்கள் ஃபில்டர் மூலை நனைகிறது என்றால் உள்ளே போக வேண்டிய பைப்பில் ஆயில் எதிர்த்திசையில் வருகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும். வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது, அல்லது அந்த வழியால் சமாளிக்க முடியாத அளவு பேக் கம்ப்ரஷன். முதலாவது சில நூறு ரூபாய்ச் செலவு. அதைப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள்.

#4 – நைட்_டூட்டி

அண்ணே, அப்ப எங்க ஸ்டாண்டு வண்டியெல்லாம் எப்படி ஓடுது? செக் என்ஜின் லைட்டு கூட வரலியே?

#5 – பட்டறைக்காரர், மதுரை

ஓடும். ஓடாது என்று நான் சொல்லவில்லையே. காற்றை எடை போடும் சென்சார் ஏர் ஃபில்டர் வாயிலில் இருக்கிற வண்டி என்றால், அளக்காத காற்று உள்ளே நுழைவதை ஈசிஎம் (என்ஜினின் கம்ப்யூட்டர்) கண்டுபிடித்து லைட் போடும். மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடும் வண்டிகளில் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. நம் ஊர் சின்ன பெட்ரோல் கார் நிறைய இந்த ரகம். லைட் வரவில்லை என்பதால் புழுதி போகவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் காரில் கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விடக் கூடாது என்பது பாரத் ஸ்டேஜ் (பிஎஸ்) மாசு விதி. புகைச் சான்றிதழ் எடுக்கும்போது சைலன்சர் முனையில் மட்டும் குழாயைச் செருகுவதால் யாரும் பிடிப்பதில்லை, அவ்வளவுதான். ஆனால் வண்டியில் உட்காருகிறவர்களுக்குத் தெரியும். பானெட்டுக்கு அடியில் விட்ட வாயு கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்று வாயில் வழியாக கேபினுக்குள் வரும். சில டாக்ஸிகளில் ஏசி போட்டதும் ஒரு எண்ணெய்ப் புகை வாடை அடிக்குமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

#6 – சென்னிமலைக்காரன்

ரொம்ப நன்றி சார். பிசிவி வால்வு என்கிற பெயரையே பட்டறையில் யாரும் எடுக்கவில்லை. சர்வீஸ் பில்லைப் புரட்டிப் பார்த்தேன், ஒரு தடவை கூட அதை மாற்றியதாக இல்லை. நானே பார்க்க முடியுமா? எப்படிச் சோதிப்பது?

#7 – பட்டறைக்காரர், மதுரை

கையில் வேலை இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

என்ஜின் சூடானதும் ஐடிலிங்கில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். அந்த வாயில் ஒரு கெட்டிக் காகிதத்தை, விசிட்டிங் கார்டு மாதிரி, வையுங்கள். பெட்ரோல் வண்டியில் லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஏர் ஃபில்டருக்குப் போகும் பைப்பைக் கையால் நசுக்கிப் பிடித்தால் இழுவை இன்னும் நன்றாகத் தெரியும். காகிதம் தூக்கி அடித்தால் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு நேர்மாறாக, மூடியைத் திறக்கவே கை வலிக்கிற அளவு உறிஞ்சினால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கலாம்.

பிறகு வால்வை அது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து, வாக்யூம் பைப்போடு சேர்த்து வெளியே எடுங்கள். என்ஜின் ஓடும்போதே முனையை விரலால் அடைத்தால் விரலை இழுக்க வேண்டும், உள்ளே 'டிக்' என்று ஒரு தட்டல் தெரிய வேண்டும். இழுவையே இல்லை என்றால் வால்வு அடைத்திருக்கிறது, இல்லை மேனிஃபோல்டுக்குப் போகும் பைப் அடைத்திருக்கிறது. பைப்பைக் கழற்றி ஊதிப் பாருங்கள். பல வண்டிகளில் வால்வு நன்றாக இருக்கும், பைப்பின் வளைவுக்குள் கரி கட்டியிருக்கும்.

வண்டியை நிறுத்திவிட்டு வால்வைக் காதருகில் வைத்துக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் செத்துவிட்டது. சத்தம் வந்தால் மட்டும் நல்ல வால்வு என்று முடிவுகட்ட வேண்டாம், ஸ்பிரிங் தளர்ந்தாலும் சத்தம் வரும்.

#8 – ஆயில்_ஆராய்ச்சி

பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. வால்வுக்குள் ஒரு ஊசி முளையும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. அவை எப்படி நகர்கின்றன என்று தெரிந்தால் சென்னிமலை சாரின் ஐடிலிங் பிரச்சினையும் புரியும்.

ஐடிலிங்கில் மேனிஃபோல்டு வாக்யூம் மிக அதிகம். அது முளையை முழுதாக இழுத்து, வழியைக் கிட்டத்தட்ட மூடிவிடும், சிறு சந்துதான் மிஞ்சும். பேக் கம்ப்ரஷன் அப்போது குறைவு, அந்தச் சந்து போதும். நிதானமான ஓட்டத்தில் வாக்யூம் குறைய, ஸ்பிரிங் முளையைப் பின்னால் தள்ளும், வழி அகலமாகும். மேனிஃபோல்டில் பேக்ஃபயர் ஆனால் முளை எதிர்ப்பக்கம் போய் அடைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தீ கிராங்க்கேஸுக்குள் போய்விடும், அங்கே இருப்பதோ பெட்ரோல் ஆவி.

ஐடிலிங்கில் அந்தச் சந்து வழியாக எவ்வளவு காற்று வரும் என்பதை ஈசிஎம் தன் கணக்கில் வைத்திருக்கிறது. முளை கரியில் ஒட்டிக்கொண்டு ஒரு நேரம் திறந்தும் ஒரு நேரம் மூடியும் இருந்தால் கணக்கு தப்பும், ஆர்பிஎம் ஏறி இறங்கும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் அது பெரிய வாக்யூம் லீக். கலவையில் பெட்ரோல் போதவில்லை என்கிற பி0171 கோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். கோடைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சென்சார் விலைக்கு ஒரு கூடை பிசிவி வால்வு வாங்கலாம்.

ஆகவே வேறு வண்டி வால்வைப் போட வேண்டாம். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஸ்பிரிங்கும் துளையும் வேறு. பார்ட் நம்பர் பார்த்து வாங்குங்கள். சில என்ஜின்களில் அசையும் வால்வே கிடையாது, ஒரு சின்னத் துளை மட்டும் இருக்கும். அங்கே துளையில் கரி அடைத்திருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

#9 – டீசல்_பிரியன்

என் டீசல் காரில் இந்தக் காகிதச் சோதனை செய்தேன். காகிதம் பறந்துவிட்டது! வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பயப்பட வேண்டுமா?

#10 – ஆயில்_ஆராய்ச்சி

டீசலுக்கு அந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. பெட்ரோல் போல த்ராட்டிலை மூடி மேனிஃபோல்டில் வாக்யூம் உண்டாக்கும் வேலை டீசலில் கிடையாது. அதனால் பிரீதர் டர்போவுக்கு (காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் விசிறி) முன்னால் உள்ள குழாயில் சேரும். டர்போ இழுக்கும்போது வாயுவும் போகும். நடுவில் ஆயிலைப் பிரிக்கும் அறையும், இழுவையை மட்டுப்படுத்த ஒரு ரப்பர் சவ்வும் இருக்கும். கம்ப்ரஷன் அதிகம் என்பதால் மூடியைத் திறந்தால் புகை மூச்சு வருவது இயல்பு.

பட்டறைகளில் மூடியைத் தலைகீழாக ஆயில் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். இருந்த இடத்திலேயே தத்தளித்தால் சரி, தூக்கி எறிந்தால் ரிங் சந்தேகம். ஒரு குத்துமதிப்புக்கு இது உதவும். இதை மட்டும் வைத்துக்கொண்டு என்ஜினைப் பிரிக்க ஒப்புக்கொள்ள வேண்டாம்.

டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் குழாயில் மெல்லிய ஆயில் படலம் இருப்பதும் சாதாரணம்தான், அதைப் பார்த்ததும் டர்போ போயிற்று என்று முடிவு செய்யாதீர்கள். கிண்ணத்தில் ஊற்றும் அளவுக்குத் தேங்கியிருந்தால் கவனியுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போவின் இழுவை முழுதும் பிரீதர் மேல் விழும், ஆயிலைச் சேர்த்து உறிஞ்சும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் மட்டம் பார்க்கும் கம்பி) மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்படியே.

இதில் உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒன்று உண்டு. டீசல் என்ஜின் ஆயிலிலும் ஓடும். பிரீதர் வழியாகவோ டர்போ சீல் வழியாகவோ ஆயில் மொத்தமாக இன்டேக்கில் இறங்கினால், சாவியைத் திருப்பி டீசலை நிறுத்தினாலும் என்ஜின் நிற்காது, ஆர்பிஎம் தானாக ஏறிக்கொண்டே போகும். கையால் போடும் கியர் வண்டி என்றால் டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக் கிளட்சை விட்டு அணைக்க வேண்டும். பானெட்டைத் திறந்து கிட்டே போய் நிற்காதீர்கள்.

#11 – டர்போ_தம்பி

என்னிடம் 1.0 டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்ஷன். கேட்ச் கேன் (பிரீதர் வாயுவோடு வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் டப்பா) போடலாம் என்று இருக்கிறேன். சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வில் கரி பிடிக்காது என்கிறார்கள். இணையத்தில் ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்கள், இங்கே கேட்டால் தெளிவு கிடைக்கும் என்று வந்தேன்.

#12 – ரேஸ்_ரமணா

கண்டிப்பாகப் போடுங்கள். நான் போட்டிருக்கிறேன். மாதாமாதம் திறந்தால் காபி நிறத்தில் ஒரு திரவம் சேர்ந்திருக்கும். அது அத்தனையும் இன்டேக் வால்வில் ஒட்ட வேண்டியது.

#13 – பட்டறைக்காரர், மதுரை

அதில் பெரும்பகுதி தண்ணீர் ரமணா. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். கிட்டத்தட்ட முழுதும் சைலன்சரில் ஆவியாகப் போய்விடும், ரிங்கைத் தாண்டி வந்த கொஞ்சம்தான் உங்கள் கேனில் குளிர்ந்து நிற்கிறது. கொஞ்சம் பெட்ரோல், கொஞ்சம் ஆயில். கேனில் சேர்ந்த அத்தனையும் வால்வில் ஒட்டியிருக்கும் என்பது கணக்கு அல்ல.

டைரக்ட் இன்ஜெக்ஷனில் கரி பிரச்சினை உண்மைதான். பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கும், கழுவிக்கொண்டே இருக்கும். டைரக்டில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது. வால்வின் மேல் படிகிற ஆயில் பனியைக் கழுவ ஆள் இல்லை. ஆனால் கேன் போட்டால் தீரும் என்று சொல்ல மாட்டேன், குறையலாம். தயாரிப்பாளர் வைத்த பிரிப்பான் அறை ஏற்கெனவே அந்த வேலையைத்தான் செய்கிறது.

கேன் போடுவது என்றால் உள்ளே தடுப்புத் தகடு இருக்கிற கேனாக இருக்க வேண்டும். வெறும் டப்பா எதையும் பிடிக்காது. இரண்டு முனையும் அமைப்புக்குள்ளேயே சேர வேண்டும், மேலே ஒரு குட்டி ஃபில்டர் வைத்து வெளியே விடுகிற ரகம் வேண்டவே வேண்டாம். காலி செய்ய மறந்தால் நிரம்பிய கேனை என்ஜின் ஒரே மடக்கில் குடிக்கும். வாரன்டியில் இருக்கிற வண்டிக்கு நான் போட்டுத் தர மாட்டேன்.

#14 – ரேஸ்_ரமணா

டிராக்கில் வளைவில் அழுத்தி ஓட்டும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பிரீதர் வாய்க்கே வரும் சார். அங்கே கேன் இல்லாமல் முடியாது.

#15 – பட்டறைக்காரர், மதுரை

டிராக்கில் ஓட்டுகிறவருக்குச் சரி, ஒப்புக்கொள்கிறேன். தம்பி ஆபீஸுக்கு ஓட்டுகிறார் போலிருக்கிறது.

டர்போ_தம்பி, உங்கள் மாதிரி வண்டியில் கேனை விட முக்கியமான சமாச்சாரம் செக் வால்வு. டர்போ அடிக்கும்போது மேனிஃபோல்டில் வாக்யூம் போய் அழுத்தம் வந்துவிடும். பிசிவி வழியாக அந்த அழுத்தம் கிராங்க்கேஸுக்குள் திரும்பாமல் தடுப்பது அந்த செக் வால்வுதான். அந்த நேரத்தில் வாயு வேறு வழியில் டர்போவுக்கு முன்னால் உள்ள குழாய்க்குப் போகும். செக் வால்வு பழுதானால் டர்போ தன் என்ஜினின் சீலையே தள்ளி வெளியேற்றும். மிதிக்கும்போது மட்டும் ஆயில் கசிகிறது, ஐடிலிங்கில் விசில் அடிக்கிறது என்றால் அங்கே பாருங்கள். இந்த வண்டிகளில் பெரும்பாலும் சவ்வு, வால்வு, பிரிப்பான் எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவரில் வரும். சவ்வு மட்டும் தனியாகக் கிடைக்காது, கவரோடு மாற்றச் சொல்வார்கள். விலையைக் கேட்டால் கொஞ்சம் வலிக்கும்.

#16 – ரொறன்ரோவாசி

இந்த இழையை இப்போதுதான் கண்டேன். அங்கே உங்களுக்குப் புழுதி என்றால் எங்களுக்கு இங்கே குளிர். சைபருக்குக் கீழே இருபது, முப்பது பாகைக்குப் போகும் நாட்களில் பிரீதர் பைப்புக்குள் இருக்கும் நீராவி உறைந்து ஐஸாகி வழியை அடைத்துவிடும். வேலைக்குப் பத்து நிமிட ஓட்டம், என்ஜின் வடிவாகச் சூடாகாது, அடுத்த நாள் மேலும் கொஞ்சம் ஐஸ். பிறகு ஒருநாள் ஹைவேயில் ஏற, அழுத்தம் கூடி டிப்ஸ்டிக் தன்பாட்டில் மேலே கிளம்பும், இல்லாவிட்டால் பின் சீல் வெளியே தள்ளுப்படும். கராஜில் கொண்டுபோய் விட்டால் அந்தச் சூட்டுக்கு ஐஸ் கரைந்துவிடும், மெக்கானிக் ஒரு பிழையும் இல்லை என்பார். சில கார்களில் பிசிவி பாதையைச் சூடாக்க கூலன்ட் குழாயையோ மின்சார ஹீட்டரையோ வைத்திருக்கிறார்கள். அது இருக்கிற காரில் அந்தக் கூலன்ட் குழாயைச் சுருக்குவழி என்று துண்டித்துவிடக் கூடாது.

#17 – சென்னிமலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. செய்ததைச் சொல்கிறேன்.

காகிதம் இழுக்கவில்லை, மெல்லத் தூக்கியது. வால்வைக் கழற்றிக் குலுக்கினால் சத்தமே இல்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், முளை இருக்கும் இடம் தெரியாதபடி கறுப்பாக இறுகியிருந்தது. குச்சியால் தொட்டால் பிசின் போல இழுபட்டது. மேனிஃபோல்டுக்குப் போகும் பைப் தொட்டாலே கொழகொழவென்று இருந்தது, வளைவில் உள்பக்கம் ஒட்டிக்கொண்டு பாதி வழிதான். வால்வு, பைப், இரண்டு கிளிப் எல்லாம் புதிதாக வாங்கினேன். மொத்தச் செலவு அந்த கியர்பாக்ஸ் கூலியில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று.

ஐடிலிங் அன்றைக்கே அசையாமல் நின்றது. காகிதம் இப்போது இழுத்துப் பிடிக்கிறது. டேப்பெட் கவர் ஓரம் துடைத்துவிட்ட பிறகு காய்ந்தே இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் குறைந்திருக்கிறது, அடியோடு நிற்கவில்லை. அட்டையை விரித்து வைத்தால் காலையில் ஒரு சின்ன வட்டம் தெரிகிறது.

இரண்டு சந்தேகம். பழைய வால்வை கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் கழுவி, கைவசம் வைத்துக்கொள்ளலாமா? ரிங் பற்றிய சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது?

#18 – பட்டறைக்காரர், மதுரை

நல்ல சேதி. பழைய வால்வைத் தூக்கிப் போடுங்கள். உலோக வால்வு கழுவினால் ஓடத்தான் செய்யும், ஆனால் சூட்டில் கிடந்த ஸ்பிரிங்கை நம்ப முடியாது. சவ்வு உள்ள ரகத்தில் கார்ப் கிளீனர் பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

பைப் எதை வாங்கினீர்கள்? ரேடியேட்டர் ஹோஸ் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் தண்ணீர் பைப்பைப் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள். ஆயில் ஆவியில் அது ஊறி உப்பும், வாக்யூம் இழுத்தால் தட்டையாகி ஒட்டும். உங்கள் பழைய பைப் கொழகொழத்ததைப் பார்த்தால் யாரோ அப்படி ஒன்றைத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஆயில் தாங்குகிற நைட்ரைல் பைப், அல்லது கம்பெனியில் வளைவோடு வார்த்து வருவது.

ரிங்குக்கு கம்ப்ரஷன் பாருங்கள். உங்கள் மாதிரி என்ஜினில் தனித்தனி எண்ணை விட நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் கீழே இருந்தால் அந்தப் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் சிலிண்டர் தலையில் உள்ள வால்வு (பிசிவி அல்ல). கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட்டுக் கசிவை அளக்கும் கருவி வைத்திருக்கிற பட்டறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஆயில் வாயில் காதை வைத்தாலே காற்று எங்கே போகிறது என்று கேட்கும்.

பின் சீல் இவ்வளவு நாள் அழுத்தம் தாங்கியதில் உதடு திரும்பியிருக்கலாம், அல்லது வயசு. பழையபடி ஆகாது. டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்காத வரை ஓட்டுங்கள். அடுத்து கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸ் இறங்கும் அல்லவா, அப்போது சீலையும் மாற்றச் சொல்லுங்கள். ஒரே கூலியில் முடியும்.

#19 – நீலகிரி_மாலினி

குன்னூரிலிருந்து எழுதுகிறேன். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் வெண்ணெய் போல வெளிர்மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கெட் (என்ஜின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள பேக்கிங்) போய்விட்டது, கூலன்ட் ஆயிலில் கலக்கிறது என்று ஒருவர் சொல்லித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டார். கூலன்ட் அளவு குறையவில்லை. பள்ளிக்கூடம், கடைவீதி தவிர வண்டி வேறெங்கும் போவதில்லை.

#20 – ஆயில்_ஆராய்ச்சி

கூலன்ட் குறையவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் ஆயிலாகவே இருக்கிறது, மூடியில் மட்டும் வெண்ணெய் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள். குளிர் ஊர், குட்டி ஓட்டம். ஆயில் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள். நீராவி குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு கடைந்துகொள்கிறது. கூலன்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டால் ஆயிலும் சூடாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஆயில் சூடேற இன்னும் நேரம் எடுக்கும். மூடியைத் துடைத்துவிட்டு ஒருநாள் மேட்டுப்பாளையம் இறங்கி ஏறி வாருங்கள், ஏறும்போது என்ஜின் நன்றாகச் சூடேறும். வந்து மூடியைத் திறந்து பாருங்கள். பிசிவி வழி திறந்திருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அடைத்திருந்தால் ஈரம் எங்கும் போகாது. ஆயில் மாற்றுவதைக் கிலோமீட்டர் பார்த்து அல்ல, மாதம் பார்த்துச் செய்யுங்கள்.

டிப்ஸ்டிக்கிலும் அதே வெண்மை வந்தாலோ கூலன்ட் இறங்கினாலோ அது வேறு கதை, உடனே காட்டுங்கள்.

#21 – புல்லட்_சித்தப்பா

கார்க்காரர்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான்கு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் இறங்கும்போது இரண்டு ஏறும், கீழே காற்றின் இடம் மாறாது. எங்கள் 346 சிசி பழைய புல்லட்டில் ஒரே பிஸ்டன். அது இறங்கும் ஒவ்வொரு தடவையும் அவ்வளவு காற்றையும் கீழே அமுக்கும், ஏறும்போது இழுக்கும். அதனால்தான் பிரீதர் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர். வெளியே போகலாம், உள்ளே வரக் கூடாது. அந்த ரப்பர் காய்ந்து விறைத்துப்போனால் வண்டி எல்லாப் பேக்கிங்கிலும் அழும். ஆயில் ஒழுகுவதுதான் புல்லட்டுக்கு அழகு என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த ரப்பர் இருப்பதே தெரியாது.

#22 – கல்லூரி_பைக்

சித்தப்பா, என் 125 சிசி பைக்கில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் ஒரு சின்ன டியூப், முனை அடைத்துத் தொங்குகிறது. உள்ளே பழுப்பாக ஏதோ தேங்கியிருக்கிறது. பிடுங்கலாமா?

#23 – புல்லட்_சித்தப்பா

பிடுங்கு, அதற்காகத்தான் வைத்திருக்கிறான். பிரீதர் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு வருகிறது, அங்கே குளிர்ந்து நிற்கும் தண்ணீரும் ஆயிலும் அந்த டியூபில் இறங்கும். கிளிப்பைத் தள்ளி முனையை எடு, கீழே ஒரு துணி பிடி, வடிந்ததும் திரும்ப மாட்டு. திறந்தபடி விடாதே. மழையில் ஓட்டுகிறாய் என்றால், அடிக்கடி முழு த்ராட்டிலில் முறுக்குகிறாய் என்றால் கொஞ்சம் சீக்கிரமே நிறையும். சர்வீஸ் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கும், தேடிப் பார்.

#24 – கல்லூரி_பைக்

வடித்துவிட்டேன். அரை டம்ளர் வந்தது. நன்றி சித்தப்பா.

#25 – புல்லட்_சித்தப்பா

அரை டம்ளரா? ஆயில் மட்டத்தைப் பார்த்தாயா? வண்டியை நேராக நிறுத்திப் பார், சைடு ஸ்டாண்டில் அல்ல. அதிகமாக ஊற்றியிருந்தால் அதுவும் இந்த வழியாகத்தான் வரும்.